சக்கரத்துக்கு ஒரு கல்

பால்காரரின் சைக்கிள் வாசலில் வந்து நின்றதும் சோலை காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிடுவார். வேலியோரம் கிடக்கும் கற்களில் ஒன்றைப் பொறுக்கி, கைக்கு அடக்கமாக இருக்கிறதா என்று ஒரு தடவை உருட்டிப் பார்த்து, பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் மறுபடி உட்காருவார். ஸ்டாண்டு போட்ட சைக்கிள். தரையோ தாம்பாளம் மாதிரி சமதளம். பால்காரருக்கு இது பழகிவிட்டது. பால் ஊற்றி முடித்ததும் கல்லைக் காலால் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். புதிதாக வருகிறவர்கள்தான் கல்லைக் கவனிக்காமல் சைக்கிளைத் தள்ளி, முழங்காலில் இடித்துக்கொண்டு திட்டுவார்கள்.

"திட்டிட்டுப் போ மாப்ளே. வண்டி நின்ன எடத்துல இருந்துச்சுல்ல," என்பார் சோலை.

ராசிங்காபுரத்தில் அவருக்குக் 'கல்லுச் சோலை' என்றே பெயர். தேவாரம் பஸ்சு வந்து நின்றால் மற்றவர்கள் உட்கார இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்; இவர் கண் சக்கரத்துக்குப் போகும். மகள் வயிற்றுப் பேத்தியின் நடைவண்டிக்குக்கூட ஒரு நாள் சின்னதாக ஓட்டுச்சில்லு ஒன்றை வைத்துவிட்டார். தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுக் குழந்தை வீறிட்டது. "இந்த மனுசனுக்குக் கிறுக்கு முத்திப்போச்சு," என்று மனைவி முத்துப்பேச்சிதான் வந்து சில்லை எடுத்து எறிந்தாள்.

அவர் வீட்டில் கல் வைக்காத சக்கரமும் உண்டு. அதுவும் இருப்பதிலேயே பெரிய சக்கரம். அதற்கு மட்டும் எப்படி விலக்குக் கிடைத்தது என்பதுதான் சங்கதி.

சோலை இந்த ஊர்க்காரர் இல்லை. இருபது வருசத்துக்கு மேல் குரங்கணிக்கு மேலே ஒரு ஏலத் தோட்டத்து ஜீப்பில் கிளீனராக இருந்தவர். அந்த ஜீப்புகளுக்குப் பிரேக் என்பது பேருக்கு ஒன்று. லோடு ஏற்றிய வண்டி ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றால், டிரைவர் கூப்பிடுவதற்கு முன்பே கிளீனர் குதித்துப் பின் சக்கரத்தில் கல்லைப் போட வேண்டும். போட்டால் ஆளும் மிச்சம், ஏலக்காயும் மிச்சம். பிற்பாடு ஸ்டீரிங் கைக்கு வந்தபோதும் கல்லை அவர் விடவில்லை. வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கைகாட்டும்போது "போதும்" என்று அவர் வாயில் வராது. "மதி, மதி" என்றுதான் வரும். மலையாளத்துப் பக்கம் கிடந்த நாக்கு.

மலையில் பாட்டரிகளும் பிரேக்குக்குத் தம்பிகள்தான். அதனால் சாயங்காலம் எந்த ஜீப்பையும் இறக்கம் பார்த்து நிறுத்தி, முன் சக்கரத்தில் கல் வைத்துவிட்டுப் போவார்கள். காலையில் கல்லை எடுத்தால் வண்டி தானாக உருளும். உருளும்போது கிளட்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். சாவியைத் திருகி வண்டி கிளப்புவதெல்லாம் துரைமார் சொகுசு என்றே சோலை ரொம்ப நாள் நினைத்திருந்தார்.

அவருக்கு மலை ஒத்துக்கொண்டது, முத்துப்பேச்சிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சாரலும் ஈர விறகுப் புகையும் சேர்ந்து அவளுக்கு இழுப்பைக் கொண்டுவந்தன. ஆடி பிறந்தால் அவளால் படுக்க முடியாது. எஸ்டேட் லயத்து வீட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி மூச்சுக்கு மல்லுக்கட்டுவாள். சோலை முதுகைத் தடவிக்கொடுப்பார். வேறென்ன செய்ய முடியும்? போடி ஆஸ்பத்திரியில் காட்டியபோது, மலையை விட்டு இறங்கினாலே பாதி குணம் என்றார்கள். எஸ்டேட்டில் கணக்கு முடித்துக்கொண்டு, ராசிங்காபுரத்தில் கொஞ்சம் மானாவாரிக் காடு வாங்கி, குடியிறங்கினார்கள். வந்த மாதமே அவள் பாயில் மல்லாந்து படுத்து, வாய் லேசாகத் திறந்திருக்க, நிம்மதியாகத் தூங்கினாள். அதைப் பார்த்துவிட்டு, இனி மலையேறுவதில்லை என்று சோலை தனக்குத் தானே சத்தியம் செய்துகொண்டார்.

சத்தியம் சோறு போடுமா? மாடு கட்டி உழ அவருக்குத் தெரியாது. மாட்டின் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்பது வரைதான் அவருடைய ஞானம். வாடகை டிராக்டரோ பெரிய காடுகளையெல்லாம் உழுது முடித்துவிட்டு, இவர் காட்டுக்கு வருவதற்குள் மழை ஈரம் காய்ந்து போயிருக்கும். இரண்டு வெள்ளாமை அப்படியே கருகிப் போயின. மேலேயிருந்து இறங்கிய ஜீப்பில் கங்காணி ஒச்சப்பன் சொல்லியனுப்பினார்: "சோலை திரும்பி வருவான். அவன் லயத்துக் கதவுக்கு வேற ஆள விடாம வச்சிருக்கேன்." ஒச்சப்பன் நல்ல மனசோடுதான் சொன்னார். சோலை காதில் அது மிரட்டலாகத்தான் விழுந்தது.

எண்பத்து மூன்றாம் வருசம் சித்திரையில் ஒரு முடிவுக்கு வந்தார். பழைய டிராக்டர் ஒன்று வாங்கிவிடுவது. ஓட்டத் தெரியும். தன் காட்டை உழுதது போக ஊராருக்கும் ஓட்டலாம். எஸ்டேட் பணத்தில் மிச்சமும் முத்துப்பேச்சியின் காதில் கிடந்ததும் சேர்ந்தால் ஒரு வண்டிக்குக் காணும். ஒன்றுக்குத்தான் காணும். அது படுத்துவிட்டால் மறுபடியும் மலை, மறுபடியும் லயம், மறுபடியும் அந்த இழுப்பு. இது தெரிந்திருந்ததால் டிராக்டர் பார்க்கப் போகிற நாளெல்லாம் சோலைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

முதலில் பார்த்தது உள்ளூர் ராக்கையாவின் வண்டி. அவர் காடு முழுக்கத் தென்னை வைத்துவிட்டார்; உழவுச் சோலி குறைந்து போயிற்று. வண்டி சிவப்பு நிறம் என்று அவர் சொன்னால்தான் தெரியும். களத்துக்கு நட்ட நடுவில் நின்றது. சீட்டில் ஒரு கோழி முட்டையிட உட்கார்ந்திருந்தது. சோலை சக்கரங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"கல்லு எங்கண்ணே?"

"என்ன கல்லு?"

"சக்கரத்துக்கு."

ராக்கையா வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "அது என்ன ஓடியா போகப் போகுது? வேணும்னா அந்தக் கோழியக் கேட்டுப் பாரு, இம்புட்டு நாள்ல தானா ஒரு அடி நகந்துச்சான்னு."

அவ்வளவுதான். சாவியைத் திருகிக் காட்டச் சொல்லக்கூட சோலைக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம், "கல்லு வைக்காத ஆளு எண்ணெயா மாத்தியிருக்கப் போறாரு? வண்டிய வச்சுப் பொழைக்கத் தெரியாத மனுசன்," என்று தீர்ப்புச் சொல்லி முடித்தார்.

தேவாரத்தில் வேலுச்சாமி என்பவரின் நீல வண்டியைப் பார்த்ததும் அவருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. வீட்டை ஒட்டிய மேட்டில், இறக்கம் பார்த்து நின்றிருந்தது. முன் சக்கரம் இரண்டுக்கும் கல். அதுவும் கண்ட கல் இல்லை. சக்கரத்துக்குத் தோதாக ஒரு பக்கம் கொத்திச் சரிவாக்கிய கல். பெயின்ட்டில் முகம் பார்க்கலாம்.

"யாருண்ணே கல்லு வச்சது?"

"நாந்தேன். தெனமும் நானே வச்சிருவேன். வேற ஆள நம்புறதில்ல."

சோலை வண்டியை விட்டுவிட்டு வேலுச்சாமியையே பார்த்தார். மலையை விட்டு இறங்கிய பிறகு தன் சாதிசனத்தில் ஒருவரைப் பார்த்த மாதிரி இருந்தது. வேலுச்சாமி ஏறி உட்கார்ந்து கல்லை எடுக்கச் சொன்னார். வண்டி ஜம்மென்று உருண்டது. மேடு முடிவதற்குள் டபடபவென்று பிடித்துக்கொண்டது. புகை சுத்தம். கியர் வெண்ணெய். காட்டில் கலப்பையை மாட்டி ஓட்டிப் பார்த்தார். முரண்டு பிடிக்காமல் இழுத்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்? "வெள்ளிக்கெழம வீட்டுல கூட்டிக்கிட்டு வர்றேண்ணே. வெத்தல மாத்திக்கிருவோம்," என்று சொல்லிவிட்டு வந்தார்.

உருட்டிக் கிளப்பியது அவர் கண்ணில் உறுத்தவே இல்லை. எப்படி உறுத்தும்? காலமெல்லாம் அப்படியே கிளப்பிய மனுசன். ராசிங்காபுரத்தில் பிறந்து வளர்ந்த எந்தப் பயலாக இருந்தாலும், "ஏண்ணே மோட்டுல நிப்பாட்டியிருக்கீக?" என்றுதான் முதல் கேள்வியே கேட்டிருப்பான். சோலை கல்லின் கொத்து வேலையை மெச்சிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை முத்துப்பேச்சி தேங்காய், எலுமிச்சம்பழம், சூடம், வெற்றிலை பாக்குத் தட்டு சகிதம் வந்தாள். வண்டியைப் பார்த்தாள். சூரியனைப் பார்த்தாள். முகம் மாறியது.

"தெக்க பாத்துல்ல நிக்கிது?"

"நின்னா என்ன?" என்றார் சோலை.

"மொதமொத நம்ம கைக்கு வர்ற வண்டி. எமன் தெசையப் பாத்தா எடுக்கிறது? கெழக்க பாத்து நிப்பாட்டுங்க. சூடங்காட்டி, சக்கரத்துக்குப் பழம் வச்சு, நீங்க ஏறி எடுங்க. அதுக்கப்பறந்தேன் வெத்தல."

"அதையெல்லாம் ஒங்க ஊருல போயி வச்சுக்கிறலாம் ஆத்தா," என்றார் வேலுச்சாமி. குரலில் கொஞ்சம் அவசரம் இருந்தது.

"ராவு காலம் பொறக்க இன்னும் நேரம் கெடக்குண்ணே. வெரசா முடிச்சிருவோம்."

முத்துப்பேச்சி ஒன்று சொன்னால் சொன்னதுதான். வேலுச்சாமி வண்டியை மேட்டிலிருந்து உருட்டிக் கிளப்பி, தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்கு முன்னால் கிழக்குப் பார்த்து நிறுத்தினார். எஞ்சினை அணைக்காமலே இறங்கி, "ம், பழத்த வைங்க," என்றார்.

"அணைங்கண்ணே. ஓடிக்கிட்டிருக்கிற வண்டிக்கா சூடங்காட்டுறது?"

வேலுச்சாமி பிள்ளையாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அணைத்தார். முத்துப்பேச்சி சக்கரத்துக்கு முன்னால் பழம் வைத்தாள். சோலை சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்தார். தேங்காய் நல்லபடியாக உடைந்தது. சோலை ஏறி உட்கார்ந்து, ஸ்டீரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சாவியைத் திருகினார்.

'கர்ர்ர்' என்று எதையோ அரைக்கிற சத்தம் கேட்டது. எஞ்சின் அசையவில்லை. மறுபடி திருகினார். மறுபடியும் அதே அரைப்பு. சூடம் எரிந்து அணைந்தது. பழங்கள் நசுங்காமல் அப்படியே இருந்தன. எதிர் டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர் நல்ல எண்ணத்தோடு குரல் கொடுத்தார்: "என்ன வேலு, மோட்டுக்குத் தள்ளணுமா? நாலு பேரக் கூப்புடவா?"

சோலை இறங்கவில்லை. ஸ்டீரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மேடு ஏன் என்று இப்போது தெரிந்தது. கல் ஏன் என்றும் தெரிந்தது. தன் காடு கண்ணுக்கு முன்னால் வந்தது. தண்ணீரை ஊற்றினால் ஊற்றிய இடத்திலேயே நிற்கும் காடு அது. நடு உழவில் இந்த வண்டி அணைந்துபோனால் அங்கே எந்த இறக்கத்தில் உருட்டுவது?

"பாட்டரியாண்ணே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லண்ணே," என்றார் வேலுச்சாமி. "சாவியத் திருகுனா செல்ப்பு மோட்டாரு போயி மாட்டுற பல்லு உள்ளுக்குள்ள தேஞ்சு போச்சு. வண்டிய ரெண்டாப் பிரிச்சாத்தேன் மாத்த முடியும்."

"சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கலையே. கேட்டிருந்தா பொய் சொல்லியிருக்க மாட்டேன். நீங்கபாட்டுக்குக் கல்லையே பாத்துக்கிட்டிருந்தீக."

அது உண்மை. அதனால் சோலைக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. முத்துப்பேச்சி வெற்றிலைத் தட்டை முந்தானையால் மூடினாள். வெற்றிலை மாறியிருந்தால் வாக்கு வாக்குதான். சோலை அதை மீறுகிற ஆள் இல்லை. அந்த நீல வண்டியை வாங்கி, காட்டில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மலையேறியிருப்பார். மயிரிழை என்பார்களே, அதில் தப்பினார்கள்.

பஸ்சில் ஊருக்குத் திரும்பினார்கள். ஜன்னலுக்கு வெளியே மலை கூடவே வந்துகொண்டிருந்தது. சோலை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"உள்ளூருல ஒரு வண்டி பாத்தீகளே," என்றாள் முத்துப்பேச்சி. "கோழி ஒக்காந்திருந்துச்சின்னு."

"அவரு கல்லே வைக்கிறதில்ல பேச்சி..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். கல் வைக்காத வண்டி. நட்ட நடுக் களத்தில் நிற்கிற வண்டி. உருட்ட மேடும் இல்லை, தள்ள ஆளும் இல்லை. அப்படியானால் அது தினமும் எதை நம்பிக் கிளம்புகிறது? சோலை சீட்டை விட்டு எழுந்துவிட்டார். "எறங்கு எறங்கு, வெரசா," என்றார். ஊர் வர இன்னும் ஒரு நிறுத்தம் இருந்தது. கண்டக்டர் அவரைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

ராக்கையாவின் களத்தில் வண்டி இல்லை. அது நின்ற இடத்தில் எண்ணெய்க் கறையும் நாலு வைக்கோலும் கிடந்தன. கோழி மட்டும் இடம் பறிபோன கோபத்தில் கொக்கரித்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தது. சோலை அந்தக் கறைக்குப் பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். கையில் கிடைத்ததைக் கல் இல்லை என்று தள்ளிவிட்டு வந்தவர். யாரைக் குறை சொல்வது? முத்துப்பேச்சி தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவரையே பார்த்தாள். ஒச்சப்பன் பூட்டி வைத்திருக்கும் அந்தக் கதவு இரண்டு பேர் நினைவிலும் வந்திருக்க வேண்டும்.

அப்போதுதான் தோப்புக்குள் டபடபவென்று சத்தம் கேட்டது. தென்னமட்டை லோடோடு ராக்கையா வந்துகொண்டிருந்தார். களத்து நடுவுக்கு வந்து, நிறுத்தி, அணைத்துவிட்டு, கல்லைப் பற்றிய கவலையே இல்லாமல் இறங்கினார்.

"வித்துட்டீகளோன்னு நெனச்சேண்ணே," என்றார் சோலை.

"எவன் வாங்குறான்? வர்றவன்லாம் சீட்டப் பாத்துட்டு மூக்கப் பொத்திக்கிட்டுப் போயிர்றான். நீ ஒருத்தன் கல்லக் கேட்ட."

"ஒருக்கா எடுத்துப் பாக்கட்டுமா?"

"பாரு."

"இப்ப வேணாம். சூட்டுல எல்லா வண்டியும் எடுக்கும். நல்லா ஆறட்டும்."

மட்டைகளை இறக்கிப் போட்டார்கள். வண்டி ஆறும் வரை சோலை அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அடிக்கடி எழுந்துபோய், காய்ச்சல் பார்ப்பது மாதிரி பானட்டில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். "பொண்ணு பாக்க வந்தவன்கூட இம்புட்டு நேரம் ஒக்கார மாட்டான்யா," என்று ராக்கையா மோர் கொண்டுவரச் சொன்னார். கடைசியில் பானட் குளிர்ந்தது. சோலை எழுந்தார், ஆனால் ஏறத் தைரியம் வரவில்லை. காலையில் நீல வண்டியின் சாவியைத் திருகிய கைதான் இதுவும்.

"ஆத்தா, நீ ஏறித் திருகு," என்றார் ராக்கையா முத்துப்பேச்சியிடம். "ஓம் புருசன் ஏறுற மாதிரி தெரியல. இந்தா, கியர நடுவுல தள்ளிட்டேன். ஓடாது. பயப்படாத."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் ஏறினாள். கோழி எச்சத்தைக்கூடத் துடைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு திருகினாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, கரும்புகை ஒரு வாய் கக்கிவிட்டு, தடதடவென்று பிடித்துக்கொண்டது. அவள் "ஆத்தாடி!" என்று ஸ்டீரிங்கைக் கட்டிப் பிடித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அணைக்கச் சொன்னார்கள், அணைத்தாள். மறுபடி திருகினாள், மறுபடி பிடித்தது, மறுபடி சிரித்தாள். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

சோலையின் காது எஞ்சின் சத்தத்தில் இல்லை, அவள் சிரிப்பில் இருந்தது. மலையில் இருந்தவரை அவளால் இப்படிச் சிரிக்க முடியாது. நாலு சிரிப்புச் சிரித்தால் ஐந்தாவது இழுப்பாக முடியும். அந்த ஐந்தாவதுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். வரவே இல்லை. பின் சக்கரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். அதே தட்டில், வெயிலில் கொஞ்சம் வாடிய அதே வெற்றிலையை ராக்கையா எடுத்துக்கொண்டார். வண்டி எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்று அன்று முத்துப்பேச்சி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கவலையில்லை, அது கிழக்குதான்.

வைகாசி தொடக்கத்தில் ஒரு நல்ல மழை பெய்தது. மறுநாள் ஊரில் வாடகை வண்டிகள் வெளியே வருவதற்குள் சோலை தன் காட்டில் இறங்கிவிட்டார். போடிக்கு ஏலமூட்டை இறக்கிவிட்டுத் தெரிந்தவர் வீட்டுக்கு வந்த எஸ்டேட் ஜீப்பு டிரைவர் மொக்கையன், காட்டோரம் நின்று வேடிக்கை பார்த்தார். சோலை வண்டியை நிறுத்தாமலே கத்தினார்: "கங்காணிட்ட சொல்லிரு மொக்க! அந்தக் கதவுக்கு வேற ஆள விட்டுக்கிறட்டும்!"

வெயில் ஏறியதும் முத்துப்பேச்சி தூக்குச்சட்டியோடு வரப்பில் வந்து நின்றாள். சோலை நடுக்காட்டில் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். இறங்கியதும் கண் தரையைத் துழாவியது. கலப்பை புரட்டிப் போட்ட மண்ணில் நல்ல கல்லாக ஒன்று கிடந்தது. எடுத்தார். கையில் உருட்டிப் பார்த்தார். பெரிய சக்கரத்துக்கு அருகில் கொண்டுபோய்க் குனிந்தவர், குனிந்த வாக்கிலேயே முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே மட்டமாக ஈர மண் விரிந்து கிடந்தது. பிறகு நிமிர்ந்து, அந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு வரப்புக்கு நடந்து வந்து, வேப்பமர நிழலில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, "சோத்தப் போடு பேச்சி," என்றார்.